நாலேகால் அடி

எங்கள் தெருவுக்கு லீவு நாள் அமாவாசை. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகைக்கு முந்தின நாள் எல்லாம் தறி ஓடும். அமாவாசையன்று மட்டும் முள்ளிப்பட்டில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் சத்தம் கேட்காது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அமாவாசை ஒரு கணக்கே இல்லை. செய்யாற்றில் கம்பெனி வேலைக்குப் போகும் என் தம்பிக்கோ வார லீவு எந்தக் கிழமையில் வரும் என்று அவனுக்கே தெரியாது. போன வருஷம் ஆவணி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது, தம்பிக்கும் அதே நாள் லீவு விழுந்தது. காலண்டரில் பார்த்த அந்த நிமிஷமே பழைய பார்க்குக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அவருக்கு எல்லாமே அடுத்த மாதம்தான்.

பழைய பார்க் என்பது ஆரணியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. என் அப்பா டவுசர் போட்ட வயதில் ஏறிய மரக்குதிரைகள் இன்னும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஹைவே ஓரமெல்லாம் தண்ணீர் சறுக்கு விளையாட்டு, அது இது என்று புதிது புதிதாக வந்தாலும், அந்தப் பார்க்கில் இருக்கும் பெரிய ராட்டினத்துக்காகவே ஜனம் போகும். ஊர்ப்பக்கத் திருவிழாவுக்கு லாரியில் வந்து இறங்கும் ராட்டினம் இல்லை அது. தரையோடு சேர்த்துக் கட்டியது, தென்னை மரத்தைவிட உயரம். தொட்டிகளுக்குக் கதவு கிடையாது. இரண்டு பேர் உட்கார்ந்ததும் மடிமேல் ஒரு கம்பியைப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். அதனால் சின்னப் பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். ஏறுமிடத்தில் மரப்பலகையில் வரைந்த ஜோக்கர் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். நாலேகால் அடி, 130 செ.மீ. என்று அவன் கையில் எழுதியிருக்கும். அந்தக் கை தலையில் இடிக்காமல் நுழைந்து போக முடிந்தால் நீங்கள் குள்ளம், திரும்பிப் போக வேண்டியதுதான்.

என் பெண் அதற்கு முந்தின வருஷம் அப்படித்தான் திரும்பி வந்தாள். நாலாம் வகுப்பில் அங்கே டூர் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கூடப் போன தோழிகள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். இவள் ஜோக்கரின் கைக்குக் கீழே காற்று மாதிரி நுழைந்து போனாளாம், ராட்டினக்காரர் சிரித்துக்கொண்டே ஓரமாக நிற்கச் சொன்னாராம். தோழிகள் மேலேயிருந்து கத்துவதைக் கேட்டுக்கொண்டு, ஆறு பேருடைய பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அழவில்லை. அடுத்த நாள் காலையில் பால் வேண்டும் என்று கேட்டாள். பால் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள் அவள்.

அன்றிலிருந்து ஒரு வருஷம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கதவு நிலையைப் பிடித்துத் தொங்குவாள், படுக்கும்போது காலை நீட்டி நீட்டிப் படுப்பாள், மாதம் தவறாமல் என்னிடம் வந்து அளந்து பார் என்று நிற்பாள். நானும் தறியை விட்டு எழுந்து அளப்பேன். தறிக்குப் பக்கத்தில் எங்கள் மாமனார் செய்து வைத்த கெஜக்கோல் ஒன்று கிடக்கும். புளியமரத்துக் குச்சி, இஞ்ச் இஞ்சாக வெட்டுப் போட்டது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு சேலையையும் அந்தக் கோலை வைத்துத்தான் நெய்கிறேன். இந்தப் பதினாலு வருஷத்தில் நான் நெய்த சேலை அளவு குறைகிறது என்று முதலாளி கடையிலிருந்து ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எங்கள் தெருவில் எத்தனை பேர் இப்படிச் சொல்ல முடியும் என்று நான் கேட்பதுண்டு. கேட்காதவர்களிடமும் கேட்பதுண்டு.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவளைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தேன். வீட்டுக்காரர் நெய்த சேலையைக் கொடுக்க முதலாளி கடைக்குப் போயிருந்தார். ஒரு கெஜம், அதாவது மூன்று அடி, அதற்குமேல் பதினாலரை இஞ்ச். நாலேகால் அடிக்கு அரை இஞ்ச் குறைந்தது. மறுபடியும் அளந்தேன், அதே அரை இஞ்ச். பிள்ளையை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை. பெரிய ராட்டினம் கிடையாது, அங்கே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று நேராகச் சொல்லிவிட்டேன். அவள் சுவரில் சாய்ந்தபடியே என்னையும் கோலையும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, சரிம்மா, மற்றதில் ஏறிக்கொள்கிறேன் என்றாள்.

என் தம்பி சும்மா இருப்பானா? கொண்டையைத் தலை உச்சியில் போட்டுவிட்டால் இரண்டு இஞ்ச் கிடைக்கும், கம்பெனி ஷூவைப் போட்டால் இன்னும் ஒரு இஞ்ச் என்று போனில் திட்டம் சொன்னான். நான் அவனை ஒரு வாங்கு வாங்கினேன். அளவில் திருட்டுத்தனம் செய்கிற குடும்பம் இல்லை எங்களுடையது என்று சொல்லி போனை வைத்தேன். சொன்னபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

காலையில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் தம்பி எங்களுக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைத்திருந்தான். தூக்கில் புளிச்சோறு, பையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மாற்றுத்துணி. என் பெண்ணுக்கு ஜன்னலோர சீட்டு. இரண்டாவது பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவள் உட்காரவே இல்லை. முதலில் மரக்குதிரையா, ரயிலா, கண்ணாடி மண்டபமா என்று மாமனும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். பெரிய ராட்டினத்தின் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஆனால் தூரத்தில் தோப்புக்கு மேலே அதன் தலை தெரிந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நானும் எழுந்து எட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு வயதில் எனக்கென்ன ஆசை என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உள்ளே போனதும் அந்த வயதெல்லாம் போன இடம் தெரியவில்லை. மரக்குதிரைகளுக்குக் காது உடைந்திருந்தது, ஆனால் போன வாரம் அடித்த மாதிரி பளபளவென்று பெயின்ட். என் வீட்டுக்காரர் நான் ஏறமாட்டேன், பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தம்பி அவரைத் தூக்கி ஒரு குதிரையில் உட்காரவைத்துவிட்டான். இறங்கச் சொன்னபோது அவர் இறங்கவில்லை, இன்னொரு டிக்கெட் வாங்கிவரச் சொன்னார். கண்ணாடி மண்டபத்தில் ஒரு கண்ணாடி அவரைக் குடம் மாதிரியும் என்னை நூல் மாதிரியும் காட்டியது. நாங்கள் சிரித்த சிரிப்பில் பின்னால் வந்த குடும்பமும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தது.

மிதி வண்டியை மட்டும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உயரத்தில் போட்ட தண்டவாளத்தில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து சைக்கிள் மாதிரி மிதித்துக்கொண்டு ஒரு சுற்று வரவேண்டும். எங்களுக்கு முன்னால் போன காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் பாதி வழியிலேயே நாக்கைத் தள்ளிவிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் காலையிலிருந்து இருட்டும்வரை தறிக்குழியில் காலை விட்டு மிதிக்கிறவர்கள். எங்களுக்கு அது ஒரு வேலையா? பின்னாலிருந்து நெருக்கிக்கொண்டு போனோம். "தம்பி, ஜல்தியா மிதிப்பா, பின்னால வண்டி நிக்குது" என்று முன்னால் போகிற பையனிடம் இவர் சொல்கிறார். பேசாத மனுஷர் பேசுகிறார். கீழே என் பெண் கையைத் தட்டிக்கொண்டு தண்டவாளத்தோடு கூடவே ஓடி வந்தாள்.

இந்தக் குஷியில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு பேரையும் காணோம். தேடினால் தம்பி அவளைக் கூட்டிக்கொண்டு போய் பெரிய ராட்டினத்து வரிசையில் நிற்கிறான். கையில் டிக்கெட் வேறு. அவர்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர், அதற்கு அப்பால் ஜோக்கர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். என் பெண் முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. டூர் வந்தபோது நடந்த மாதிரி இன்னொரு தடவை யாரோ ஒருவன் சிரித்துக்கொண்டே என் பிள்ளையை ஓரமாக நிற்கச் சொல்வதா? அதற்கு முன்னால் நானே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று வேகமாகப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். ராட்டினக்காரர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே, இவளுக்கு உயரம் பத்தாதுங்க என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவள் கையை உதறவில்லை. முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டு என்னோடு வந்துவிட்டாள். தம்பிக்குத்தான் கோபம் தாங்கவில்லை.

"அளக்கறது அந்தாளு வேல. உனுக்கு இன்னாக்கா வந்துச்சு?" என்றான்.

அரை இஞ்ச் குறைகிறது, நான் இரண்டு தடவை அளந்தேன், என் அளவு தப்பாது என்றேன். அவன் டிக்கெட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தான். நான்கு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். என் பெண் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள். நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஒரு வாய் இறங்கவில்லை.

சாப்பிட்ட பிறகு என் வீட்டுக்காரர் அவளைச் சமாதானப்படுத்த கப்பல் ஊஞ்சல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நானும் தம்பியும் பின்னால் போனோம். அங்கேயும் ஒரு ஜோக்கர் நின்றான். அதே பலகை, அதே நீட்டிய கை, அதே நாலேகால் அடி. என் பெண் அவன் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு வந்தாள். இவர்தான் சும்மா நில்லும்மா, பார்ப்போம் என்று தோளைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் கை அவள் நெற்றிக்கு மேலே இடித்தது. குனியாமல் நுழையவே முடியாது. அங்கே இருந்த பையன், வாம்மா, ஏறு, என்று சங்கிலியைக் கழற்றிவிட்டான்.

இந்த போர்டு தப்பு என்றேன் நான்.

அந்தப் பையனுக்கு என்னைப் பார்த்தால் பேஜார் பிடித்தவள் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். டேபிளுக்கு அடியிலிருந்து ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து நீட்டினான். நானே பிடித்து அளந்தேன். தரையிலிருந்து ஜோக்கரின் கை சரியாக நாலேகால் அடி. பிறகு பெண்ணை அளந்தேன். நாலு அடி நாலு இஞ்ச். ஒரு இஞ்ச் கூடுதல். ஒரே ராத்திரியில் பிள்ளை ஒன்றரை இஞ்ச் வளர்ந்துவிட்டாளா? டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் என்னிடம் நீ எதை வைத்து அளந்தாய் என்று கேட்டார். கெஜக்கோல் என்றேன்.

"அது இழுத்துக் கட்டின பாவுக்கு எங்கப்பா செஞ்ச கோலு," என்றார். "புள்ளைய யாரு இழுத்துக் கட்டினாங்க?"

அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் பட்டு நூல், விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கும். அறுத்து எடுத்ததும் சேலை கொஞ்சம் சுருங்கி உள்ளே வாங்கும். வாங்குகிற அளவையும் முன்கூட்டியே சேர்த்துக் கோலைக் கெஜத்துக்கு ஒரு இஞ்ச் நீளமாகச் செய்து வைப்பார்கள். கெஜத்துக்கு மேல் போகிற இஞ்சிலும் அதே கணக்கில் கூடுதல் இருக்கும். அதனால்தான் என் சேலை எதுவும் கடையில் குறைந்ததில்லை. இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. கல்யாணமான புதிதில் மாமனாரே சொன்னார். தறியில் உட்கார்ந்தால் நினைவிருக்கிறது, பிள்ளையை அளக்கிறபோது நினைவில்லை. ஒரு வருஷமாக மாதா மாதம் அந்தக் குழந்தையைக் குறைத்துக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். அவமானத்தில் என் காது சுட்டது.

அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் பெரிய ராட்டினத்தை நிறுத்திவிடுவார்கள் என்று கப்பல்காரப் பையன் சொன்னான். இன்னொரு அமாவாசை எப்போது ஞாயிற்றுக்கிழமையில் வருமோ, அன்றைக்குத் தம்பிக்கு என்ன ஷிப்டோ? நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது. இவர் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு குட்டி ரயிலின் தண்டவாளத்தைத் தாண்டினான். ரயில்காரர் விசில் ஊதித் திட்டியது காதில் விழுந்தது, நிற்கத்தான் நேரமில்லை.

ராட்டினக்காரர் கடைசிச் சுற்றுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தொட்டி பாக்கி. என் பெண் ஜோக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கை நெற்றியில் இடித்தது. ராட்டினக்காரர் தலையை ஆட்டினார். கூட யார் வருகிறார்கள் என்று அவர் கேட்டதும் தம்பி டிக்கெட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். முன்பு வரிசையில் நின்றபோதும் அவன்தானே கூட ஏறுவதாக இருந்தான். ஆனால் அவள் என்னைப் பார்த்து, அம்மா வரட்டும் என்றாள்.

நான் மொட்டைமாடி ஓரத்தில் நின்றாலே கால் கூசுகிறவள். பிழைப்பே குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பதுதான். இன்னொரு நாளாக இருந்தால் ஆயிரம் சாக்குச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு நாலு பேர் முன்னால் அவளை வரிசையிலிருந்து இழுத்தவள் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பது? ஏறி உட்கார்ந்தேன். மடிமேல் கம்பி விழுந்தது. இவர் கீழே என் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் சுற்றில் நான் எதையும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். என் பெண் கத்தினாள். பயத்தில் கத்தவில்லை. ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த கத்தல் அது. என் காதுக்குள்ளேயே கத்தினாள். இரண்டாவது சுற்றில் கண்ணைத் திறந்தேன். பார்க், தோப்பு, ஏரி, ரோட்டில் போகிற பஸ் எல்லாம் காலுக்குக் கீழே இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமல் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மூன்றாவது சுற்றில் கீழே யாரையோ இறக்குவதற்காக ராட்டினத்தை நிறுத்தினார்கள். எங்கள் தொட்டி உச்சியில் நின்று மெதுவாக ஆடியது. காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. அப்போதுதான் அவள் சொன்னாள்.

"எனுக்கு முன்னாடியே தெரியும்மா. ஸ்கூல்ல டாக்டரம்மா வந்து எல்லாரையும் அளந்தாங்க. நூத்தி முப்பத்திரண்டுன்னு கார்டுல எழுதினாங்க."

நூற்று முப்பது சென்டிமீட்டருக்கு நூற்று முப்பத்திரண்டு. ஏன்டி சொல்லவில்லை, நேற்று அளந்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நீ அளந்தா தப்பா இருக்காதுல்ல," என்றாள். "அவங்கதான் தப்பா எழுதிட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. சாதாரணமாகச் சொன்னாள். ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்ததை என் பிள்ளை நம்பவில்லை, நான் சொன்னதை நம்பியிருக்கிறாள். நம்பி, வரிசையில் என் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் செய்தது தப்பு என்று என் வாயால் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் சத்தியம் செய்வார்.

"நான் அளந்ததுதான் தப்பு," என்றேன்.

காற்றில் கேட்கவில்லை என்றாள். கேட்டிருக்கும், கள்ளி. சத்தமாகச் சொன்னேன். முன் தொட்டியில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயெல்லாம் பல்லாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா."

ராட்டினம் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்தது. கண்ணை மூடாமல், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு வாட்டி சொன்னேன்.